புகைக் கணக்கு யார் பெயரில்?

தோழர்களே! உங்கள் பெயரில் ஒரு புதுக் கடன் எழுதப்பட்டு வருகிறது. மளிகைக் கடைப் பற்றும் கந்துவட்டிக்காரனின் நோட்டும் போதாதென்று இப்போது புகைக் கணக்கும் வந்திருக்கிறது!

“பூமி சூடேறிவிட்டது. மழை தப்பிப் போகிறது. புயலும் வெள்ளமும் வாட்டுகின்றன. நீ ஓட்டும் வண்டியும் நீ போடும் விளக்கும் இதற்குக் காரணம். உன்னுடைய ‘கார்பன் தடம்’ எவ்வளவு என்று கணக்குப் பார்; குறைத்துக்கொள்” என்று தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் உபதேசம் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்த பிள்ளைகள் வீட்டில் நம்மையே கேட்கிறார்கள்: “அப்பா, நீ எத்தனை கிலோ புகை விடுகிறாய்?”

பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பஞ்சப்படிக் கணக்கையும் போனஸ் கணக்கையும் மில் முதலாளியோடு வாதாடிப் பார்த்தவர்கள் நாம். மரக்கால் கணக்கையும் கூலி நெல் கணக்கையும் மிராசுதாரின் களத்து மேட்டில் நின்று பார்த்தவர்கள் நாம். இந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடிவிட மாட்டோம். முழுக் கணக்கையும் பார்ப்போம்.

ஆபத்து மெய்யானது

முதலில் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும். பருவநிலை மாற்றம் யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நம்மிலும் இருக்கலாம். அது தவறு. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது பூமியைச் சுற்றிப் போர்வைபோல் நின்று, வெப்பம் வெளியேறவிடாமல் தடுக்கிறது. நீராவி இயந்திரம் வருவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு இந்த வாயு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவின் மலைமேல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பங்கு. இன்று 420-ஐயும் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து 2024-ஐப் போல் வெப்பமான வருஷம் இருந்ததில்லை என்று உலக வானிலை ஸ்தாபனம் அறிவித்தது.

இதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. டெல்டாவில் பயிர் கருகியது. வயலில் வேலையின்றி விவசாயத் தொழிலாளி திருப்பூருக்கும் சென்னைக்கும் வண்டி ஏறினான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கியது. தென்னை சாய்ந்தது, குடிசைகள் பறந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் தத்தளித்தன.

ஒவ்வொரு புயலையும் ஒவ்வொரு வறட்சியையும் இந்த ஒரே காரணத்தின் தலையில் கட்டிவிட நாம் விரும்பவில்லை. நமது பாட்டனார் காலத்திலும் புயல் உண்டு, பஞ்சம் உண்டு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. சுமந்த ஈரம் கொட்டும்போது முன்னைவிட வேகமாகக் கொட்டும். மாடி வீட்டுக்கு அது ஜன்னலில் சாரல். குடிசைக்கு அது வாழ்வின் முடிவு.

வெயிலைப் பாருங்கள். நூற்பாலைக்குள் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றி வைக்கிறார்கள். ஈரக் காற்றில் வேர்வை உலராது. உடம்பின் சூடு இறங்காது. வெளியே வெயில் ஏற ஏற, உள்ளே சைடு பார்க்கும் பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது. வயலில் நாற்றுப் பறிக்கும் பெண்ணுக்கு முதுகில் வெயில், காலடியில் கொதிக்கும் சேறு. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் என்றது. நல்லது. ஆனால் மயங்கி விழுந்து பிழைத்துக்கொண்டவளின் இழந்த கூலி என்ன ஆயிற்று? அதற்கு எந்த உத்தரவிலும் இடம் இல்லை.

ஆகவே இந்தப் பிரச்னை நம்முடைய பிரச்னை. மற்ற யாரையும்விட முதலில் நம்முடைய பிரச்னை.

நமது கணக்கு

இனி நமது புகையை அளந்து பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஒரு கிலோகூட எடையில்லாத பெட்ரோல் எப்படி 2.3 கிலோ வாயுவைத் தரும் என்று கேட்கலாம். பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அதனால்தான் எடை கூடுகிறது. டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ.

மில்லுக்கு 20 கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். போக வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். வருஷத்தில் 300 நாள் வேலை.

அவர் பஸ்ஸில் போனால்: பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும், உள்ளே 50 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் பங்குக்கு வருஷத்துக்குச் சுமார் 130 கிலோ புகை.

மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனால்: லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 240 லிட்டர் பெட்ரோல்; சுமார் 550 கிலோ புகை. பஸ்ஸைப்போல் நான்கு மடங்குக்கு மேல்!

காரில் தனியாகப் போகும் அதிகாரி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அதே தூரம் போனால், சுமார் 1,840 கிலோ.

சொந்த விமானத்தில் பறக்கும் முதலாளி? அப்படிப்பட்ட விமானம் ஒரே ஒரு மணி நேரத்தில் 2 டன், அதாவது 2,000 கிலோ வாயுவை வெளியிடக்கூடும் என்று ஐரோப்பாவில் போக்குவரத்தை ஆராயும் ஸ்தாபனம் ஒன்று 2021-ல் கணக்கிட்டது. நமது பஸ் தொழிலாளி அந்த அளவை எட்ட 15 வருஷம் வேலைக்குப் போய் வர வேண்டும்! முதலாளிக்கு அது ஒரு மணி நேரத்து வேலை. சென்னையிலிருந்து டில்லிக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

தேசங்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. அமெரிக்காவில் சராசரியாக ஒரு மனிதனுக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன். இந்தியாவில் சுமார் 2 டன். இந்தச் சராசரி என்பதும் ஒரு சூழ்ச்சிதான். அம்பானி, அதானிகளையும் கீழத்தஞ்சைக் கூலிக்காரனையும் ஒன்றாகக் கூட்டி இரண்டால் வகுப்பதல்லவா சராசரி! 1990 முதல் 2015 வரை உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் 52 சதவீதம் மேல்தட்டிலுள்ள 10 சதவீதம் பேரால் வந்தது. உலக ஜனத்தொகையில் சரிபாதியான ஏழைகளால் வந்தது வெறும் 7 சதவீதம். 2020-ல் ஆக்ஸ்ஃபாம் ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை இது. ஆக்ஸ்ஃபாம் கம்யூனிஸ்டு ஸ்தாபனம் அல்ல என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த நோட்டு யார் கொடுத்தது?

ஒவ்வொருவனும் தன் புகையைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்ற இந்த நோட்டுப் புத்தகத்தை ஊரெல்லாம் பரப்பியது யார்? பிரிட்டனின் மாபெரும் எண்ணெய்க் கம்பெனியான பி.பி.! 2004-ல் அந்தக் கம்பெனி தனது இணையப் பக்கத்தில் ஒரு கணக்குப் பொறியை வைத்து, “உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?” என்று பொதுஜனங்களைக் கேட்டது. பெரும் விளம்பரப் பிரசாரம் செய்தது.

இது எந்தக் கம்பெனி? 1909-ல் ஆங்கிலோ–பாரசீக எண்ணெய்க் கம்பெனி என்ற பெயரில் பிறந்து, ஈரான் நாட்டின் எண்ணெயை உறிஞ்சிக் கொழுத்த கம்பெனி. 1951-ல் ஈரான் தனது எண்ணெயைத் தேசியமயமாக்கியது. 1953-ல் பிரிட்டிஷ், அமெரிக்க ஏகாதிபத்தியங்கள் சூழ்ச்சி செய்து மொஸாதிக் சர்க்காரைக் கவிழ்த்தன. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இன்று நமக்கு ஒழுக்கம் போதிக்கிறார்கள்! சாராயக் கடைக்காரன் கடை வாசலில் நின்றுகொண்டு, “நீ எத்தனை கிளாஸ் குடித்தாய்?” என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவின் எக்ஸான் கம்பெனியின் கதையும் இதுவே. 1977-லேயே அதன் விஞ்ஞானி ஒருவர் இந்த ஆபத்தை நிர்வாகத்தின் முன் எடுத்துரைத்தார். அந்தக் கம்பெனியின் விஞ்ஞானிகள் அன்று போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தெரிந்திருந்தும் கம்பெனி என்ன செய்தது? விஞ்ஞானத்தின்மேல் பகிரங்கமாகச் சந்தேகத்தைக் கிளப்பியது, எண்ணெயை விற்றது, லாபத்தை எண்ணியது.

1988-க்குப் பிறகு தொழில்துறையிலிருந்து வெளியான வெப்ப வாயுக்களில் 71 சதவீதம், 100 உற்பத்தியாளர்கள் தோண்டி எடுத்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வந்தவை என்று 2017-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. அவர்கள் தோண்டியதை உலகம் எரித்தது என்பதும் உண்மை. அந்தப் பட்டியலில் நமது கோல் இந்தியாவும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் எதைத் தோண்டுவது, எதில் மூலதனம் போடுவது என்று தீர்மானித்தவர்கள் யார்? மில் தொழிலாளியிடம் யாராவது கேட்டார்களா?

பஸ் எங்கே போயிற்று?

“பஸ்ஸில் போனால் புகை குறையும் என்று நீங்களே கணக்குக் காட்டிவிட்டீர்கள். பிறகு ஏன் உங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள்?” என்று கேட்கலாம். பதில் சொல்கிறோம்.

நள்ளிரவில் ஷிப்டு முடிந்து மில் கேட்டுக்கு வெளியே வரும் தொழிலாளிக்கு எந்த பஸ் இருக்கிறது? காலை ஏழு மணிக்கு வயலில் இறங்க வேண்டிய பெண்ணுக்கு எந்த பஸ் இருக்கிறது? பஸ் இல்லாத கிராமத்து நடவுப் பெண்களைச் சுமை வண்டியில் மூட்டைபோல் நிற்க வைத்து ஏற்றிச் செல்கிறார்கள். வளைவில் வண்டி கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி. மில்லுக்குப் போகும் பெண்களுக்குக் கம்பெனி வேன். அது எப்போது வரும், எப்போது விடும் என்பது முதலாளியின் சித்தம். ஓவர்டைம் முடியாமல் வேன் கிளம்பாது.

1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனியார் பஸ் முதலாளிகளின் தடங்கள் சர்க்கார் வசம் வந்தன. லாபம் இல்லாத குக்கிராமத்துக்கும் பஸ் போயிற்று. அந்த பஸ்ஸில்தான் நமது பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். பிரசவ வலி எடுத்த பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்று எட்டுக் கழகங்களிலும் சேர்ந்து சுமார் 20,000 பஸ்கள். இருசக்கர வாகனங்களோ தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல்!

இந்த நிலை எப்படி வந்தது? பஸ் நேரத்துக்கு வராததால் ஒருவன் வண்டி வாங்குகிறான். அவன் வாங்கியதால் பஸ்ஸில் ஒரு சீட்டுக் காலியாகிறது. பத்துப் பேர் வாங்கினால் பத்து சீட்டுக் காலி. “கூட்டம் இல்லை, நஷ்டம்” என்று ஒரு நடையைக் குறைக்கிறார்கள். நடை குறைந்ததால் இன்னும் பத்துப் பேர் வண்டி வாங்குகிறார்கள். கடைசியில் பஸ்ஸே நின்றுவிடுகிறது. வண்டி வாங்க வசதி இல்லாத கிழவியும் மாணவியும் சாலையோரத்தில் நிற்கிறார்கள்.

ரயில் விஷயத்திலும் இதுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குப் போன ரயில் வருஷக்கணக்கில் நின்று கிடந்தது. வெறும் 37 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில்தான் அது அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. காத்திருந்த காலத்தில் அந்த வட்டார மக்கள் என்ன செய்வார்கள்? பறந்தா போவார்கள்?

பெட்ரோல் விலையை ஏற்றினால் ஜனங்கள் வண்டியை விட்டுவிடுவார்கள் என்று சில பொருளாதார மேதைகள் சொல்கிறார்கள். 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்தபோது, மத்திய சர்க்கார் பெட்ரோல்மீது கலால் வரியை லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசாக உயர்த்தியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. யாராவது வண்டியை விட்டார்களா? எப்படி விட முடியும்? வேறு வழி இருந்தால்தானே! 240 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 24,000 ரூபாய். அதன்மேல் வண்டிக் கடன் தவணை. கூலியில் ஒரு பங்கு வேலைக்குப் போய்ச் சேருவதற்கே போய்விடுகிறது. புகை குறையவில்லை, குறைந்தது அடுப்பில் வேகும் அரிசி.

இதற்கு நேர்மாறான பாடமும் நம் கண்முன் இருக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண்கள் பஸ்ஸை நிறைத்தார்கள். யாரும் அவர்களுக்குக் கார்பன் தடத்தைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. பஸ் வந்தது, கட்டணம் இல்லை, ஏறினார்கள். 2018 ஜனவரியில் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றியபோது மாணவர்கள் வீதிக்கு வந்து போராடியதையும் நாம் மறக்கவில்லை. உபதேசத்தால் ஆகாதது உரிமையால் ஆகிறது!

நமது குறை

எதிரியின் குற்றத்தை மட்டும் பேசி நமது குறையை மறைப்பது நமது வழக்கமல்ல. சங்கங்கள் நிர்வாகத்திடம் வண்டிக் கடன் கேட்டிருக்கின்றன. பெட்ரோல் படி கேட்டிருக்கின்றன. ஷிப்டு நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று அதே பலத்தோடு கேட்டோமா? கிராமத்தில் ஒரு நடை பஸ் நின்றபோது எத்தனை ஊரில் கொடி எடுத்து மறியல் செய்தோம்? “நமக்கு வண்டி இருக்கிறது” என்று சும்மா இருந்துவிட்டோம். ஒன்றாக ஏறிப் போன பஸ்ஸில் ஊர் வம்பும் பேசினோம். சங்கச் செய்தியும் பேசினோம். தனித்தனி வண்டியில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு யாரோடு பேசுவது?

அதற்காக வண்டி வாங்கிய தோழரை நாம் பழிக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குடும்பத்து இளைஞன் மேல்சாதித் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது என்று இறக்கிவிட்ட ஊர்கள் இந்த நாட்டில் இருந்தன. அந்த ஊரில் இன்று அவன் பேரன் மோட்டார் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறான் என்றால், அதில் ஒரு மானம் இருக்கிறது. அந்த மானத்தைப் பறிக்கச் சொல்லும் எந்தப் பருவநிலைத் திட்டமும் நமது திட்டமாக இருக்க முடியாது. அவன் மானத்தோடு ஏறி உட்காரக்கூடிய பஸ்ஸைக் கொண்டு வருவதுதான் நமது திட்டம்.

பஸ் இருக்கும் இடத்தில் பஸ்ஸில் ஏறுவோம். கூப்பிடு தூரத்துக்குச் சைக்கிளை எடுப்போம். ஒரே ஷிப்டுக்குப் போகும் இருவர் ஒரு வண்டியில் போவோம். பணமும் மிச்சம், புகையும் மிச்சம். சிக்கனம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அத்தோடு கடமை தீர்ந்தது என்று எண்ணினால் ஏமாந்து போவோம். ஊரே பஸ்ஸுக்கு மாறினாலும், மேலே பறக்கிறவன் பறந்துகொண்டிருக்கும் வரை கணக்கு நேராகாது.

நமது கோரிக்கை

ஆகவே நாம் கோருகிறோம்:

மில் பகுதிகளில் ஒவ்வொரு ஷிப்டு நேரத்துக்கும் அரசு பஸ் விட வேண்டும். நிறுத்தப்பட்ட கிராம நடைகளைத் திரும்ப விட வேண்டும். பழைய பஸ்களுக்குப் பதில் புதிய பஸ்கள் வேண்டும். 2025-ல் சென்னையில் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின, வரவேற்கிறோம். ஆனால் அவற்றைத் தனியார் கம்பெனியிடம் ஒப்பந்தம் விட்டு ஓட்டுவதை ஏற்க மாட்டோம். புகையில்லாத பஸ்ஸும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும்.

பாசஞ்சர் ரயில்களைக் கூட்ட வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டிகளைக் குறைக்கக் கூடாது; அதிகரிக்க வேண்டும்.

உச்சி வெயில் நேரத்தில் வயல் வேலையும் கட்டட வேலையும் நிற்க வேண்டும். கூலி நிற்கக் கூடாது. மில்லுக்குள் காற்றோட்டமும் குடிதண்ணீரும் ஓய்வு நேரமும் சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

இதற்கெல்லாம் பணம்? சொந்த விமானத்தில் பறப்பவர்கள்மீதும், எண்ணெயிலும் நிலக்கரியிலும் கொள்ளை லாபம் அடித்தவர்கள்மீதும் வரி போடட்டும். நூறு வருஷத்துக்கு மேலாகப் புகை விட்டுச் செல்வம் சேர்த்த நாடுகள் கடனைக் கட்டட்டும். இயந்திர யுகம் தொடங்கியது முதல் உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு சுமார் 3 சதவீதம்.

பிள்ளை மறுபடியும், “அப்பா, நீ எத்தனை கிலோ புகை விடுகிறாய்?” என்று கேட்டால், கூசாமல் சொல்லுங்கள்: “பஸ்ஸில் போனால் 130 கிலோ, கண்ணு. அந்த பஸ்ஸை நமது ஊருக்குக் கொண்டுவரத்தான் நாளைக்கு ஊர்வலம். நீயும் வா.”